தோப்புக்கு கண்மாய் வழியா கேம்பர் வேன்ல போகலாமா? எடை, டயர் காத்து, வின்ச் பத்தி ஒரு பதில்

கானாடுகாத்தான் பக்கத்து தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. வேலை பெங்களூர்ல. போன வருசம் ஒரு ஃபோர் பை ஃபோர் பிக்கப் எடுத்து பின்னாடி கேம்பர் பாடி கட்டியிருக்காரு, உள்ள நாலு பேர் படுக்கலாம், சின்ன அடுப்பு, 100 லிட்டர் தண்ணி டேங்க், மேல சோலார் பேனல். பொங்கலுக்கு அப்பச்சி, ஆத்தா, வீட்டுக்காரி, ரெண்டு புள்ளைகளோட ஊருக்கு வந்து ரெண்டு ராத்திரி தோப்புல தங்கணும்னு ஆசை. தோப்பு கண்மாய்க்கு அந்தப் பக்கம், கரை மேல சுத்திப் போனா 3 கிலோமீட்டர், கண்மாய்க்குள்ள குறுக்க விழுந்தா முக்கா கிலோமீட்டர்தான். "உள்ள இறங்கிப் போகலாமாண்ணே, டயர்ல எவ்வளவு காத்து வைக்கணும், வின்ச்சும் ஸ்நார்க்கலும் போட்டே ஆகணும்னு கடைல சொல்றாங்க, போடணுமா?" இதுதான் கேள்வி. வின்ச்னா வண்டி முன்னாடி மாட்டுற, கயித்த சுத்தி வண்டிய இழுக்கற மோட்டார்; ஸ்நார்க்கல்னா தண்ணில போகும்போது எஞ்சினுக்கு ஒசரத்துலேர்ந்து காத்து எடுக்கற குழாய்.

தம்பி, பொங்கலுக்கு கண்மாய்க்குள்ள எறக்காதீங்க. ஃபோர் பை ஃபோர் இருந்தாலும் சரி, ரெண்டு பக்க சக்கரத்தையும் ஒன்னா சுத்த வைக்கிற லாக்கர் இருந்தாலும் சரி, எறக்காதீங்க. நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைலதான் கண்மாய் நெறையும், தை பொறக்கும்போது ஓரத்துல தண்ணி வத்தி மேல அப்பளம் மாதிரி காஞ்சு வெடிச்சுக் கெடக்கும், பாக்குறவங்களுக்கு நல்லா எறுகின தரை மாதிரியே தெரியும், ஆனா அந்த அப்பளத்துக்குக் கீழ ஒரு சாண்ல கரம்பை மண்ணு வெண்ணெய் மாதிரி ஈரமா இருக்கும். ஆள் நடந்தா தாங்கும், ஆடு போனா தாங்கும், பைக் கூட போயிரும், 3 டன் வண்டி போனா மேல் ஓடு ஒடஞ்சு நாலு சக்கரமும் ஒரே நேரத்துல எறங்கும். அப்புறம் ஆக்ஸில் மண்ணுல உக்காந்துருச்சுன்னா சக்கரம் சுத்துறதுல பிரயோஜனம் இல்ல, சேஸே தரைல ஒட்டிக்கிட்டு நிக்கும். சாதா வண்டின்னா கரையோரத்துலயே மாட்டி நின்னுரும். ஃபோர் பை ஃபோர் உங்கள நடுக் கண்மாய் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு அங்க மாட்டும், அங்க டிராக்டர் கூட வர யோசிக்கும். நானே தேவகோட்டை பக்கம் ஒரு தடவை மாசி மாசத்துல இப்படி எறங்கி, மத்தியானம் 2 மணிக்கு மாட்டுன வண்டி வெளிய வர ராத்திரி 10 ஆச்சு, அன்னைலேர்ந்து கடப்பாரை இல்லாம நான் கண்மாய்ப் பக்கம் போறதில்ல.

கடப்பாரை எதுக்குன்னா தரைய பாக்க. போற வழிய முதல்ல நடங்க, முழுசா, கடைசி வரைக்கும். பத்து அடிக்கு ஒருக்கா குதிகால்ல முழு எடையும் போட்டு மிதிங்க, சந்தேகமா இருக்கற எடத்துல கடப்பாரைய ஒரு முழம் எறக்கி எடுங்க. முனைல களி ஒட்டி வந்தா அந்த வழி கிடையாது. காஞ்ச மண்ணு உதிர்ந்து வந்தா யோசிக்கலாம். சித்திரை வைகாசில வண்டல் எடுக்க டிராக்டர் போய்ப் போய் ஒரு தடம் விழுந்திருக்கும், அந்த தடத்த விட்டு வெலகாம போனா நல்லது, ஆனா மண்ணு வெட்டுன குழி புதுசு புதுசா இருக்கும், அதனால அப்பவும் நடந்து பாத்துட்டுத்தான்.

அப்ப கரை மேல? போகலாம், ஆனா அங்க பிரச்சினை வேற. கரைய எலி வளையும் நண்டு வளையும் உள்ளுக்குள்ள தின்னு வச்சிருக்கும், ஓரம் மழைல ஊறி எளகியிருக்கும், டிராக்டர் போற கரைன்னு நம்பி நீங்க ஓரமா ஒதுங்கினா ஓரம் சரியும். உங்க வண்டி ஒசரம், மேல கனம், ஒரு பக்கம் சரிஞ்சா நிமிராது. அதனால நடுவுலயே போங்க, எதிர்ல வண்டி வந்தா யாரு பின்னாடி எடுக்கறதுன்னு ஆளு முன்னாடி அனுப்பி பேசிட்டு அப்புறம் ஏறுங்க. மடை, கலுங்கு (கண்மாய் நெறஞ்சா மிச்சத் தண்ணி வழியற எடம்) வர்ற எடத்துல எறங்கி பழைய கல்லு பாவுன பாகம் வெடிச்சிருக்கான்னு பாருங்க. கலுங்குல தண்ணி ஓடிக்கிட்டு இருந்தா நிப்பாட்டிருங்க, கணுக்கால் தண்ணியா தெரிஞ்சாலும் பாசில சக்கரம் வழுக்கும். அப்பச்சியையும் ஆத்தாவையும் கரை ஏறுறதுக்கு முன்னாடியே எறக்கி விட்டு, அந்த மோசமான பாகம் தாண்டினப்புறம் ஏத்திக்கங்க. பெரியவங்க நடக்க முடியாதுன்னா அவங்கள மட்டும் வேற வண்டில அனுப்புங்க. பின்னாடி பெட் மேல உக்காந்துக்கிட்டு யாரும் வரவே கூடாது, பெல்ட் போட்ட சீட் எத்தனையோ அத்தனை பேருதான்.

இப்ப நீங்க கேக்காத ஒன்னு, ஆனா எனக்கு இதுதான் முக்கியம். உங்க வண்டி எடை எவ்வளவு? பாடி கட்டுனவரு ஒரு நம்பர் சொல்லியிருப்பாரு, அத நம்பாதீங்க. 100 லிட்டர் தண்ணின்னா 100 கிலோ. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ரெண்டு வச்சிருந்தா ஒவ்வொன்னும் 50 கிலோக்கு மேல. கேஸ் சிலிண்டர், கட்டில், பிளைவுட், ஸ்டெப்னி, ஆறு பேர், பொங்கப் பானை வரைக்கும் எல்லாம் சேரும். சாமானெல்லாம் ஏத்தி, டேங்க் ரொப்பி, எல்லாரும் உக்காந்து காரைக்குடில ஏதாச்சும் எடைமேடைல ஒருக்கா ஏத்துங்க. முழு வண்டி ஒரு தடவ, அப்புறம் பின் சக்கரம் மட்டும் மேடைல இருக்கற மாதிரி ஒரு தடவ. ஆர்சி புக்குல போட்டிருக்கற மொத்த எடைய தாண்டியிருந்தா ஆஃப்ரோடு பேச்சே அப்புறம்தான், முதல்ல சாமான கொறைங்க. தாண்டலைன்னாலும் பின் ஆக்ஸில்லயே எல்லாம் குமிஞ்சிருந்தா முன் சக்கரத்துல பிடி இருக்காது, ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்காது. கனமானதெல்லாம் கீழ, ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல. தண்ணி டேங்க் பாதி ரொம்பி இருந்தா கரை மேல அது ஆடி ஆடி வண்டியையும் ஆட்டும், ஒன்னு முழுசா ரொப்புங்க, இல்ல காலி பண்ணிட்டு தோப்புல பம்ப்செட்ல புடிச்சுக்கங்க. மேல கேரியர்ல ஒன்னும் கட்டாதீங்க.

டயர் காத்துக்கு வருவோம். எடை தெரியாம யாராச்சும் உங்களுக்கு ஒரு நம்பர் சொன்னா அது குருட்டுக் கணக்கு, ஆனா ஒரு அளவு சொல்றேன். லோடோட தார் ரோட்டுல 50 பிஎஸ்ஐ வைக்கிற வண்டின்னா, செம்மண் சரளைப் பாதைல 35 கிட்ட எறக்கலாம், வெறும் மணல்ல 25 வரைக்கும். அதுக்குக் கீழ இந்த எடைக்கு வேணாம், திரும்பும்போது டயர் ரிம்ம விட்டு கழண்டுரும். காத்து கொறஞ்சா டயர் நீளவாக்குல படிஞ்சு எடைய பரப்பும், அதான் மணல்ல மெதக்கறதுக்கு காரணம். காத்து எறக்குனப்புறம் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாதீங்க, தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி திருப்பி ரொப்புங்க, இல்லாட்டி டயர் சூடேறி வெடிக்கும்.

ஆனா வெளிநாட்டு வீடியோல யாரும் சொல்லாதது ஒன்னு நம்ம ஊர்ல இருக்கு, சீமைக்கருவேல முள்ளு. காத்து எறக்குனா டயரோட பக்கவாட்டு பிதுங்கும், பாதை ஓரத்துல வெட்டிப் போட்ட முள்ளு நேரா அந்த மெல்லிசான எடத்துல ஏறும். மிதிக்கிற பாகத்துல பஞ்சர்னா பிளக் போட்டுட்டு போயிரலாம், பக்கவாட்டுல கிழிஞ்சா டயரே போச்சு. அதனால முள்ளுக்காட்டுப் பாதைன்னா காத்த கொறைக்காதீங்க, மெதுவா போங்க, வழில கெடக்கற முள்ள எறங்கி ஒதுக்குங்க. மணல் வந்தா மட்டும் எறக்குங்க. 12 வோல்ட் கம்ப்ரசர் நல்லதா ஒன்னு, பேட்டரில நேரா கிளிப் மாட்டுறது, வாங்கிக்கங்க. சிகரெட் லைட்டர்ல சொருகுற சின்னது இந்த டயருக்கு தாங்காது.

நம்ம செம்மண்ணுல இன்னொரு விசயம். காஞ்சிருக்கும்போது செம்புறாங்கல் தரை கான்கிரீட் மாதிரி, ஆனா அதுமேல உருண்டை உருண்டையா சரளை கெடக்கும், பிரேக்க அழுத்துனா கோலிக்குண்டு மேல நிக்கிற மாதிரி வண்டி வழுக்கிட்டே போகும். எறக்கத்துல 4எல் (நாலு சக்கரத்துக்கும் இழுவை, லோ கியர்) போட்டு முதல் கியர்ல எஞ்சின் புடிச்சு எறக்கட்டும், கால பிரேக்குலேர்ந்து எடுங்க. 4எல்ல வேகம் ஏறக்குறைய ரெண்டரை மடங்கு கொறஞ்சு இழுவை அந்த அளவுக்கு கூடும், அதான் அதோட வேலை. உங்களுது பார்ட்-டைம் ஃபோர் பை ஃபோரா (வேணும்போது மட்டும் மாட்டிக்கிறது) இருந்தா தார் ரோட்டுல 4எச்ச (நாலு சக்கர இழுவை, சாதா கியர்) எடுத்துருங்க, திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் போகும், அந்த வித்தியாசத்த சமாளிக்கிற டிஃப்ரென்ஷியல் நடுவுல இல்லாததால அது முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (முன்னாடி பின்னாடி இழுவைய பிரிச்சுக் குடுக்கற கியர்பெட்டி) முறுக்கா ஏறும். மண்ணுல சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு தானா விட்டுரும், தார்ல விடாது.

வின்ச் இப்ப வேணாம். வின்ச் கயித்த எதுல கட்டுவீங்க? கண்மாய்க்குள்ள பக்கத்துலயே மரம் இருக்கும்னு சொல்ல முடியாது, இருந்தாலும் ஈரத்துல நிக்கிற கருவேலம் வேரோட வந்துரும். முன்னாடி ஒரு கனத்த மாட்டி ஷாக் அப்சர்பர் மாத்தி செலவு இழுத்துக்கிட்டே போகும். ஸ்நார்க்கலும் வேணாம், இடுப்பளவு தண்ணில இந்த வீட்ட நீங்க எறக்கவே போறதில்ல. அந்தக் காசுல ரெக்கவரி போர்டு (மாட்டுன சக்கரத்துக்கு அடில சொருகுற பலகை) ரெண்டு ஜோடி, நல்ல மம்பட்டி ஒன்னு, கைனடிக் கயிறு (நீண்டு குடுக்கற இழுவைக் கயிறு) ஒன்னு, கயித்த மாட்டுற ஷாக்கிள் வளையம் ரெண்டு, ஜாக்குக்கு அடில வைக்க ஒன்றரை அடி கெட்டிப் பலகை ஒன்னு. அவசரத்துக்கு தென்னமட்டையும் வேலை செய்யும், குறுக்குவாக்குல நெருக்கமா அடுக்கணும். மாட்டிக்கிட்டா முதல்ல ஆக்ஸிலரேட்டர விடுங்க, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு விரக்கடை எறங்கும். எறங்கி, நாலு சக்கரத்துக்கும் முன்னாடி பின்னாடி மண்ண வெட்டி, காத்த எறக்கி, போர்டு வச்சு, வந்த தடத்துலயே பின்னாடி வாங்க.

டிராக்டர் வந்து இழுக்கும்போதுதான் எனக்கு பயமே. நம்ம ஆளுக உதவிக்கு ஓடி வருவாங்க, அந்த மனசு பெருசு, ஆனா கைல இருக்கறது துருப்புடிச்ச சங்கிலி, மாட்டுறது பம்பர்லயோ டிரெய்லர் உருண்டைலயோ. அது அறுந்தாலோ உருண்டை பிச்சுக்கிட்டு வந்தாலோ ஆள கொன்னுரும். சேஸ்ல போல்ட் போட்ட கொக்கி எங்க இருக்குன்னு வீட்டுலயே கண்டுபுடிச்சு வச்சுக்கங்க, கயித்து மேல ஒரு ஈரச் சாக்கு போடுங்க, கயித்தோட நீளத்தப் போல ஒன்றரை மடங்கு தூரத்துல எல்லாரும் தள்ளி நிக்கணும், புள்ளைகள அந்தப் பக்கமே விடாதீங்க. டிராக்டர்காரர வெடுக்குன்னு இழுக்காம மெதுவா இறுக்கி இழுக்கச் சொல்லுங்க.

சின்னச் சின்னதா இன்னும் கொஞ்சம். தோப்புக்குப் போற மோட்டார் லைன் வயர் தொங்கிக்கிட்டு இருக்கும், வண்டி ஒசரத்த சோலார் பேனலோட அளந்து டேஷ்போர்டுல எழுதி ஒட்டுங்க, தாழ்ந்த வயர்னா திரும்பிருங்க, கம்பால தூக்கிப் புடிக்கிற வேலை வேணவே வேணாம். வண்டி ஓட்டும்போது அடுப்பு கேஸ சிலிண்டர்லயே மூடுங்க. பிஎஸ்6 டீசல் வண்டின்னா டிபிஎஃப் (புகைக்கரிய புடிக்கிற ஃபில்டர்) தன்னையே சுத்தம் பண்ற நேரத்துல சைலன்சர் பயங்கரமா சூடாகும், தைலமரக் காட்டுலயோ காஞ்ச சருகு மேலயோ நிப்பாட்டாதீங்க. ஊரணிக் கரைல வண்டி ஏத்தாதீங்க, இன்னமும் நிறைய ஊர்ல அது குடிக்கிற தண்ணி. கோயில் காட்டுக்குள்ளயும் வேணாம். வேட்டங்குடி பறவை சரணாலயத்துப் பக்கம் தை மாசத்துல பறவை கூடு கட்டி குஞ்சு வச்சிருக்கும், கொள்ளுகுடிப்பட்டி சனங்க அதுகளுக்காக தீபாவளிக்கு வெடியே போடாம இருக்காங்க, நம்ம டீசல் எஞ்சின் சத்தத்தோட அங்க போய் நிக்கக் கூடாது. இன்னொன்னு, பாடி மாத்துனத மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்சில ஏத்தியாச்சான்னு பாருங்க, ஏத்தலைன்னா விபத்து ஆனா இன்சூரன்ஸ்ல தகராறு வரும்.

பொங்கலுக்கு இப்படி பண்ணுங்க. கரை ஆரம்பிக்கிற எடத்துல, ஊர்ல கேட்டுட்டு, மேட்டுத் தரைல வண்டிய நிப்பாட்டி அங்கயே தங்குங்க, பகல்ல தோப்புக்கு நடந்தோ டிராக்டர்லயோ போய் வாங்க, அப்பவே கரைய கடப்பாரையோட ஒருக்கா நடந்து பாத்து வச்சுக்கங்க. சித்திரைல திரும்ப வரும்போது எடைமேடை சீட்டு ரெண்டையும், டயர் சைஸையும் எனக்கு அனுப்புங்க, உங்க வண்டிக்குன்னு காத்துக் கணக்கு போட்டுத் தர்றேன்.