டீச்சரிடம் கேளுங்கள்: நான்காம் வகுப்பில் என்ன மாறும்?

பதில் சொல்பவர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கோத்தகிரியில் வசிக்கிறார்.

மகள் ஜூனில் நான்காம் வகுப்புக்குப் போகிறாள். மூன்றாவது வரை சிரமமே இல்லை. நான்காவதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா டீச்சர்?
*வாசகி, குன்னூர்*

பாதி உண்மை அம்மா. புதிய பாடம் எதுவும் வந்துவிடப் போவதில்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும் மூன்றாவதிலேயே இருந்தவைதான். புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்: படம் சுருங்கியிருக்கும், எழுத்து பெருகியிருக்கும். இதுவரை வாசிப்பே ஒரு பாடமாக இருந்தது. இனி மற்றப் பாடங்களுக்குள் நுழைவதற்கே வாசிப்பு வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்த ஜீன் சால், இந்த வயதில் வரும் சறுக்கலை ‘நான்காம் வகுப்புச் சரிவு’ என்றே குறிப்பிட்டார். அமெரிக்கப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் அப்போது வயது ஏறக்குறைய ஒன்பதுதான்.

உங்கள் மகள் எங்கே நிற்கிறாள் என்று தெரிய மதிப்பெண் பட்டியல் உதவாது. தமிழ்ப் புத்தகமும் வேண்டாம். அதில் பாதி அவளுக்கு மனப்பாடமாக இருக்கும். அறிவியல் புத்தகத்தில் இன்னும் நடத்தாத பக்கம் ஒன்றைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, என்ன படித்தாய் என்று கேளுங்கள். தன் சொற்களில் நான்கு வாக்கியம் சொன்னாளானால் நிம்மதியாக இருங்கள். கடகடவென்று வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விழித்தால், ஜூன் மாதமே வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். அரையாண்டுத் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம்.

கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் நன்றாகச் செய்கிறான். வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் “கூட்டுவதா, கழிப்பதா?” என்று என் முகத்தைப் பார்க்கிறான். நான் சிறு தேயிலை விவசாயி. எனக்கும் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை.
*வாசகர், கோத்தகிரி*

தம்பி, தொழிற்சாலைக்குத் தேயிலை போட்டு ரசீது வாங்குகிற உங்களுக்கா வாக்கியக் கணக்கு தெரியாது? மூன்று மூட்டை, மூட்டைக்கு 38 கிலோ. ஈரத்துக்கும் சாக்குக்கும் சேர்த்து 6 கிலோ கழித்துவிட்டார்கள். கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (அதற்கு மேல் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்). கைக்கு எவ்வளவு வரும்? பெருக்கல், கழித்தல், மறுபடி பெருக்கல்: 2,160 ரூபாய். உங்கள் பையன் இந்த ஆண்டு கற்க வேண்டிய கணக்கில் பெரும்பகுதி இந்த ஒரு ரசீதில் அடங்கிவிட்டது. அடுத்த முறை ரசீதை அவனிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தவறு கண்டுபிடித்தானென்றால் உங்களுக்கும் லாபம்.

“மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி” என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. “ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டேன், மீதி பன்னிரண்டு இருக்கிறது, முதலில் எவ்வளவு வைத்திருந்தேன்?” என்று கேளுங்கள். சூத்திரம் படித்த பிள்ளை ஏழு என்பான். வாக்கியத்தைப் படித்த பிள்ளை பதினேழு என்பான்.

வகுத்தலிலும் இதே கதைதான். ஒரு ஜீப்பில் 8 பேர் ஏறலாம், 30 பேர் போக எத்தனை ஜீப் வேண்டும்? ஈவு 3, மீதி 6 என்று அழகாக எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். அந்த ஆறு பேரும் நடந்தா வருவார்கள் என்று கேட்டால்தான் நான்காவது ஜீப் வந்து நிற்கும்.

கடன் வாங்கிக் கழிப்பதற்குத் தனிப் பயிற்சி நோட்டு வாங்க வேண்டாம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். எவ்வளவு ஏற வேண்டும் என்று கேளுங்கள். மலை ரயில் குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் வந்தது. நடுவே எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். 1908-ல் 8-லிருந்து 9 போகாது, பக்கத்தில் கடன் கேட்டால் அங்கே பூஜ்யம் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் திணறுகிற இடமே அதுதான்.

நாங்கள் படுகர். வீட்டில் எங்கள் மொழிதான். மகள் தமிழில் பத்தி எழுதத் திணறுகிறாள். இனி வீட்டிலும் தமிழிலேயே பேசலாமா?
*வாசகி, கோத்தகிரி அருகே ஒரு ஹட்டி (படுகர் ஊர்)*

வேண்டவே வேண்டாம். பாட்டியிடம் பேசும் மொழியை நிறுத்திவிட்டால் பத்தி எழுத வந்துவிடுமா? நான்காவதில் கேட்பது அழகு தமிழ் அல்ல. நடந்ததை முன்பின் மாறாமல் சொல்லும் திறமை. அதை எந்த மொழியில் பழகினாலும் கை கொடுக்கும். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போய் வந்தீர்களானால், முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன, உனக்கு எது பிடித்தது என்று உங்கள் மொழியிலேயே சொல்ல விடுங்கள். பிறகு அதில் மூன்று வரியைத் தமிழில் எழுதட்டும். ல, ள, ழ குழம்பும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான் குழம்புகிறது. ஒரு நாளைக்கு ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். எல்லாவற்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டால் மறுநாள் ஒரே வரியில் முடித்துவிடுவாள், பிழையில்லாமல்.

பந்தலூரில் இருக்கிறோம். ஜூலை மழையில் விடுமுறைக்கு மேல் விடுமுறை. நானும் அவரும் தோட்ட வேலை, மாலைதான் வீடு. டியூஷன் சேர்க்கட்டுமா?
*வாசகி, பந்தலூர்*

உங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை பள்ளியின் முதல் பருவத்தைத் தின்கிறது. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டாம் பருவத்தை. விடுபட்ட பாடத்தைப் பள்ளியில் ஈடுசெய்வார்கள். விடுபட்ட வாசிப்பைத்தான் வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் அடுப்படியில் இருக்கும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து இருபது நிமிடம் உரக்க வாசித்தால் போதும். உங்களுக்கு எழுத்து தெரிய வேண்டும் என்பதில்லை. “அப்புறம்?” என்று கேட்டால் போதும்.

டியூஷனுக்காக இருட்டிய பிறகு யானை நடமாடும் வழியில் ஒன்பது வயதுப் பிள்ளையை அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. அரசுப் பள்ளியானால் காலைச் சமையல் பற்றிய கவலையும் வேண்டாம். 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு உண்டு.

நான்காவதில் பெயில் ஆக்குவார்களா?
*வாசகர், ஊட்டி*

மாட்டார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 அதற்கு இடம் தரவில்லை. அதனால் பிள்ளை பின்தங்கியிருப்பது பெற்றோருக்குத் தெரியாமலே போகவும் கூடும். ஆகவே முதல் கேள்விக்கான பதிலை ஒருமுறை படியுங்கள்.

பள்ளி வாசலில் என் கையைப் பிடிக்க மறுக்கிறாள். தோழி வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. படிப்பு கெடுமா?
*வாசகி, கூடலூர்*

கெடாது. இந்த வயதில் தோழி பேசினாளா என்பது அம்மா திட்டினாளா என்பதைவிடப் பெரிய செய்தி. தோழியின் அம்மாவிடம் பஞ்சாயத்துக்குப் போகாதீர்கள். பிள்ளைகள் சமாதானமாகிவிடுவார்கள், நீங்கள் இருவரும் ஆக மாட்டீர்கள். வாசலுக்கு நூறடி முன்பே கையை விட்டுவிடுங்கள். ஆனால் பள்ளிக்கே போக மாட்டேன் என்று அடம்பிடித்தாலோ, வயிற்றுவலி என்று அடிக்கடி சொன்னாலோ விசாரியுங்கள். அது வேறு விஷயம்.

பேனா வாங்கித் தரலாமா, பென்சிலே போதுமா?
*வாசகர், குன்னூர்*

பள்ளி சொல்லும்வரை பென்சில். கணக்குக்கு அதற்குப் பிறகும் பென்சில்தான். பேனா வாங்கும்போது மலிவான பந்துமுனைப் பேனா வேண்டாம்; மார்கழிக் குளிரில் எழுதாது, பிள்ளை அழுத்தி அழுத்தி அடுத்த பக்கத்தையும் கிழித்து வைக்கும்.