ஒயரில் ஓடுவதும் நரம்பில் ஓடுவதும்

வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், அரசு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர்.

நான் நெடுங்காலமாக வயரிங் வேலை செய்கிறேன். நரம்பிலும் கரன்ட்தான் ஓடுகிறது என்று என் மகள் பாடப் புத்தகத்தைக் காட்டிச் சொல்கிறாள். அப்படியானால் எத்தனை வோல்ட்? அதற்கு எர்த் எங்கே?
— வயரிங் தொழிலாளி, விருதுநகர்

உங்கள் மகள் சொன்னது பாதி சரி. நரம்பில் இருப்பது மின்சாரம்தான். ஆனால் அது ஒயரில் ஓடுவது போல ஓடுவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மாணவர்களுக்குப் புரியவைக்க ஒவ்வோர் ஆண்டும் நான்கைந்து வகுப்புகளைச் செலவிட்டிருக்கிறேன். மின்சாரத்தோடு தினமும் புழங்கும் ஒருவரே அதைக் கேட்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வோல்ட் கணக்கு. சும்மா இருக்கும் நரம்புச் செல்லுக்குள் ஒரு மின்முனையும் வெளியே ஒரு மின்முனையும் வைத்து அளந்தால், உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் இருபதில் ஒரு பங்கு. இவ்வளவுதானா என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 7 நானோமீட்டர். கணக்குப் போட்டால் சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட் வருகிறது! காற்றில் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் ஏறினாலே பொறி பறந்துவிடும். கொழுப்பாலான ஒரு மெல்லிய ஏடு அதைப்போல மூன்று மடங்கை நம் ஆயுள் முழுக்கத் தாங்குகிறது. எர்த் என்று தனியாக எதுவும் இல்லை. செல்லைச் சூழ்ந்திருக்கும் உப்புநீரே மறுமுனை.

இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? உப்பிலிருந்து. செல்லுக்கு வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி, வெளியே இருப்பதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, இந்த ஏற்றத்தாழ்வைக் கட்டிக் காக்கிறது. உள்ளே சேர்ந்த பொட்டாசியத்தில் கொஞ்சம் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். கசியும்போது நேர்மின்னூட்டத்தையும் எடுத்துச் செல்வதால் உள்பக்கம் எதிர்மின்னாகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ நண்டுக் காலின் நரம்பை அரைத்துப் பார்த்து 1957இல் இந்தப் பம்பைக் கண்டறிந்து வெளியிட்டார். நோபல் பரிசு 1997இல்தான் வந்தது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, ஓய்வில் நம் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. அதில் பெரும்பகுதி இந்தப் பம்புகளை ஓட்டத்தான் போகிறது.

இனி, ஓட்டம். நரம்பின் ஓரிடத்தில் அழுத்தம் மைனஸ் 70இலிருந்து மைனஸ் 55 மில்லிவோல்ட் அளவுக்கு உயர்ந்ததும், அங்கே இருக்கும் சோடியம் வாயில்கள் படபடவென்று திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. உள்பக்கம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பிளஸ் 30 வரை எகிறுகிறது. உடனே அந்த வாயில்கள் தாமாக அடைபட, பொட்டாசியம் வாயில்கள் திறந்து பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. அதற்குள் அந்த எழுச்சி பக்கத்து இடத்தைத் தூண்டிவிட்டிருக்கும். அங்கேயும் இதே கதை.

திருவிழாவில் கொளுத்தும் சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வெடியின் மருந்து கடைசி வெடிவரை போவதில்லை. ஒவ்வொரு வெடியும் தன்னிடம் உள்ள மருந்தில் வெடித்து அடுத்ததைப் பற்றவைக்கிறது. அதனால்தான் கடைசி வெடியின் சத்தமும் முதல் வெடியின் சத்தமும் ஒன்றே. நீளமான ஒயரில் வோல்டேஜ் இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதுகுத்தண்டிலிருந்து கால் விரல்வரை போகும் நரம்பில் அது ஒரு மில்லிவோல்ட்கூட இறங்குவதில்லை. வெடித்து முடிந்த வெடி மறுபடி பற்றாதது போல, அப்போதுதான் எழும்பி அடங்கிய இடம் சற்று நேரம் திறக்க மறுப்பதால் சமிக்ஞை பின்னோக்கித் திரும்புவதும் இல்லை. ஒரே வித்தியாசம், நரம்பு ஓரிரு மில்லிநொடியில் மறுபடி மருந்து நிரப்பிய சரமாகிவிடுகிறது.

நரம்பில் சமிக்ஞை போகும் வேகத்தை எப்படி அளந்தார்கள்? ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்று இரண்டு பெயர்கள் மட்டும் புத்தகத்தில் இருக்கின்றன.
— பிளஸ் டூ மாணவர், கும்பகோணம்

தம்பி, பெயரோடு நிற்காமல் எப்படி என்று கேட்டாய் பார், அதுதான் கேள்வி. நான் மாணவியாக இருந்தபோது அதை என் கையாலேயே அளந்திருக்கிறேன். தவளையின் கெண்டைத் தசையை அதன் நரம்போடு பிரித்தெடுப்போம். நரம்பைக் கண்ணாடிக் கொக்கியால் மட்டுமே தூக்க வேண்டும். உலோகம் பட்டால் தசை வெட்டென்று துடித்துவிடும். நொடிக்கொரு தரம் ரிங்கர் கரைசல் என்னும் உப்புநீரைச் சொட்டவிட்டு ஈரம் காப்போம். மண்ணெண்ணெய்ச் சுடரில் கரி பிடிக்க வைத்த காகிதத்தை உருளையில் சுற்றி வேகமாகச் சுழலவிட்டால், தசை சுருங்கும்போது எழுதுமுள் கரியைச் சுரண்டி வெள்ளைக் கோடு போடும். தசைக்கு அருகே ஒருமுறையும் முதுகெலும்புப் பக்கம் ஒருமுறையும் நரம்பைத் தூண்டுவோம். தூரத்தில் தூண்டியபோது கோடு கொஞ்சம் தாமதமாக எழும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அந்த இடைவெளிக்குள்தான் விடை இருந்தது. அரக்கு வார்னிஷில் தோய்த்து உலர்த்திய அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது அந்தச் சோதனையைக் கணினித் திரையில் செய்கிறார்கள். தவளைகளை நினைத்தால் அது நல்ல மாற்றமே.

இதே தத்துவத்தில் 1850இல் கோனிக்ஸ்பர்க் நகரில் அளந்து காட்டியவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவருடைய ஆசிரியர் முல்லரோ, இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று நினைத்திருந்தார். கிடைத்த விடை நொடிக்குச் சுமார் 27 மீட்டர். எக்ஸ்பிரஸ் ரயிலின் வேகம்தான்!

இங்கிலாந்து விஞ்ஞானிகளான ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கேட்டது அடுத்த கேள்வி: அந்த நேரத்தில் சவ்வில் என்ன நடக்கிறது? அதற்கு நரம்பிழைக்குள்ளேயே மின்முனையைச் செருக வேண்டும். நம் நரம்பிழை அதற்கு மிக மெல்லியது. ஊசிக் கணவாயின் உடலில், ஆபத்து வந்தால் நீரைப் பீய்ச்சித் தப்பிப்பதற்கென்று அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர்வரை தடித்த ஓர் இழை இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில் 1939ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதற்குள் மின்முனையைச் செலுத்தினார்கள். உள்பக்கம் வெறுமனே பூஜ்யத்துக்கு வராமல், அதைத் தாண்டி நேர்மின்னாக எகிறியது. அதுவரை யாரும் எதிர்பாராதது. அடுத்த மாதமே போர் மூண்டுவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடிக்க 1952 ஆயிற்று. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது கிடைக்காததால், கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கணக்கு இயந்திரத்திலேயே ஹக்ஸ்லி சமன்பாடுகளைத் தீர்த்தார். அவர் கணக்கு நொடிக்கு 18.8 மீட்டர் என்றது. கணவாயில் நேரடியாக அளந்தபோது 21.2 மீட்டர். உப்பும் வாயில்களும் மட்டுமே கொண்டு எழுதிய கணக்கு, உயிருள்ள நரம்புக்கு இவ்வளவு அருகில் வந்து நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. 1963இல் நோபல் பரிசு.

இன்னொன்றையும் குறித்துக்கொள். கணவாயின் இழையைவிடப் பல மடங்கு மெல்லிய நம் நரம்பிழைகள் சில நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டுகின்றன. மயலின் என்னும் கொழுப்புறை அவற்றின்மேல் சுற்றப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கணு மட்டும் திறந்திருக்க, சமிக்ஞை கணுவுக்குக் கணு தாவுகிறது.

கால் விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால், இடித்தது உடனே தெரிகிறது. உயிர் போகும் வலி சற்றுப் பொறுத்துத்தான் வருகிறது. எதனால்?
— இல்லத்தரசி, திண்டுக்கல்

இரண்டும் வெவ்வேறு இழைகளில் வருகின்றன. தொடுதலைச் சொல்லும் இழைகளுக்கு மயலின் உறை உண்டு. நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் வரும். அந்த மந்தமான, எரியும் வலியைச் சுமப்பவை உறையில்லாத மெல்லிய இழைகள். நொடிக்கு ஒரு மீட்டர்தான் நடக்கும். விரலிலிருந்து முதுகுத்தண்டுக்கு ஏறவே அவற்றுக்கு ஒரு நொடி ஆகிவிடும். இடித்த இடத்தை நாம் கையால் பிடித்துத் தேய்ப்பதும் வீணல்ல. தொடு இழைகளைத் தூண்டினால் முதுகுத்தண்டில் வலிச் சமிக்ஞை ஓரளவு அடக்கப்படுகிறது.

பல் பிடுங்க ஊசி போட்டும் எனக்கு மரத்துப்போகவில்லை. மருந்து போலியா?
— வாசகர், காரைக்குடி

அப்படி முடிவுகட்ட வேண்டாம். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் மருந்து நரம்பின் சவ்வைக் கடந்து உள்ளே போய், சோடியம் வாயிலை உள்பக்கமாக அடைக்கிறது. வாயில் அடைபட்டால் சரவெடி அங்கேயே நின்றுவிடும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மருந்து சவ்வைக் கடக்கும் வடிவத்தில் குறைவாகவே இருக்கும். முதலில் சீழை ஆற்றிவிட்டுப் பிறகு பிடுங்கலாம் என்று பல் மருத்துவர் சொல்வது இதனால்தான்.

வயலில் என் அண்ணனை நல்லபாம்பு கடித்தது. இமைகள் தொங்கி, பேச்சுக் குழறியது. விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் என்று ஓர் ஊசியும் போட்டார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் நரம்பு செத்துப்போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
— விவசாயி, மன்னார்குடி

பயப்படாதீர்கள். உங்கள் அண்ணனின் நரம்புகள் அந்த நேரத்திலும் நன்றாகவே இருந்தன. சமிக்ஞை தசையின் வாசல்வரை சரியாக வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

நரம்பும் தசையும் ஒட்டியிருப்பதில்லை. நடுவே மிகக் குறுகிய ஓர் இடைவெளி உண்டு. மின்சாரம் அதைத் தாண்டாது. சமிக்ஞை வந்ததும் நரம்பு நுனிக்குள் கால்சியம் புகுந்து, அங்கே சிறு பைகளில் காத்திருக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கொட்டச் செய்யும். அது எதிர்ப்பக்கத்தில் தசையின் ஏற்பிகளில் போய்ப் பொருந்தினால் தசை சுருங்கும். நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்பதை ஆட்டோ லோவி 1921இல் நிறுவினார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த நீரை இன்னொரு இதயத்தில் விட்டபோது, அதன் துடிப்பும் தளர்ந்தது.

நல்லபாம்பின் விஷம் அந்த ஏற்பிகளில், சாவித் துவாரத்தில் மெழுகு அடைத்தது போல, உட்கார்ந்துகொள்கிறது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை நியோஸ்டிக்மின் தடுப்பதால் சாவிகள் பெருகி, மிச்சமிருக்கும் துவாரங்களில் போய்ப் பொருந்துகின்றன. ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் தொங்கிய இமை மெல்ல உயர்வதை வார்டில் நின்று பார்த்திருக்கிறேன். பிடித்திருந்த விஷமும் நாளாக விலகிவிடும். அண்ணன் இப்போது கண்ணைத் திறந்து, நன்றாக விழுங்கி, நடக்கிறார் என்றால் அந்த வாசல்கள் எல்லாம் திறந்துவிட்டன.

கட்டுவிரியன் வேறு மாதிரி. அது நரம்பு நுனியையே சிதைத்துவிடும். சாவி கொட்டும் கையே போய்விடும். அதனால் இந்த ஊசி அதற்குப் பெரும்பாலும் பலன் தராது. நுனி மறுபடி வளரும்வரை செயற்கைச் சுவாசத்தில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். வளர்ந்துவிடும் என்பதுதான் ஆறுதல். அது இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த தடம் பெரும்பாலும் தெரியாது, வலியும் இராது. விடியும் முன் ஒருவர் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தொங்கி, பேச்சுக் குழறினால், கடிவாய் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள்.