பிறருடைய கதாபாத்திரத்தை வரைந்து தரச் சொன்னால்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் வசிக்கிறேன். பகலில் அலுவலக வேலை. இரவில் டேப்லெட்டில் படம் வரைந்து, இணையத்தில் கமிஷன் எடுக்கிறேன், அதாவது பிறர் கேட்பதைக் காசுக்கு வரைந்து தருகிறேன். சென்ற மாதம் ஒருவர் 60 வெள்ளி முன்பணம் அனுப்பி, தாம் கற்பனையில் உருவாக்கிய கதாபாத்திரமும் இன்னொருவர் உருவாக்கிய கதாபாத்திரமும் மணக்கோலத்தில் நிற்பதாக வரைந்து தரச் சொன்னார். அந்த இன்னொருவருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "முன்பு டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் சேர்ந்து கதை எழுதினோம், இப்போது பேச்சில்லை, அவருக்குத் தெரிய வேண்டியதில்லை" என்றார். இதற்கிடையில், பக்கத்து வீட்டு அத்தை பேரனின் பிறந்தநாள் பேனருக்கு உபின் இபின் என்ற கார்ட்டூன் இரட்டையரை வரைந்து கேட்கிறார். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் சட்டை விற்கும் அண்ணன் ஒருவர், ஜப்பானிய அனிமே நாயகனை வரைந்து கொடுத்தால் 50 டி-சட்டை அச்சடித்து விற்கலாம் என்கிறார். "காசு கொடுக்கிறவர் கேட்டதை வரைந்து கொடு, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்" என்பது அம்மாவின் கருத்து. எதை ஏற்பது, எதை மறுப்பது?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

உங்களிடம் வந்திருக்கும் மூன்று வேண்டுகோள்களில், பெரும்பாலான ஓவியர்கள் சட்டைக்காரரின் வேண்டுகோளைக் கண்டுதான் அஞ்சுவார்கள். அங்கே ஒரு பெரிய நிறுவனமும் அதன் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். நான் முதல் வேண்டுகோளைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன். நிறுவனம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். டிஸ்கார்டில் கதை எழுதிய அந்த முன்னாள் தோழருக்கோ, வரைவதற்கு முன் நீங்கள் கேட்கும் ஒரு கேள்வியைத் தவிர வேறு காவல் இல்லை.

சொந்தமாகக் கதாபாத்திரம் உருவாக்குபவர்கள் அதை எவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கிறார்கள் என்பது வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. ஈப்போவில் நடந்த ஓர் ஓவியப் பட்டறையில் ஒரு மாணவி தன் கதாபாத்திரத்தின் ரெஃபரன்ஸ் தாளை என்னிடம் காட்டினாள். முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என மூன்று நிலைகளில் அந்தக் கதாபாத்திரப் பெண் நின்றிருந்தாள். தாளின் ஓரத்தில் தோலின் நிறமும் துணியின் நிறமும் சிறு சதுரங்களாகத் தீட்டப்பட்டிருந்தன. பால்மரம் வெட்டப் போகும் பெண்களைப் போலத் தலையில் இறுகக் கட்டிய துணி, இடது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. அந்த மூக்குத்தி மாணவியின் பாட்டி அணிந்திருந்தது. தாளின் அடியில் பொடி எழுத்தில், 'முடியை யார் முன்னும் அவிழ்க்கமாட்டாள்', 'கல்யாணம் வேண்டாம் என்று வீட்டைவிட்டு வந்தவள்' என்று குறிப்புகள் இருந்தன. இப்படி ஒருத்தியை மாலையும் கழுத்துமாக, முன்பின் தெரியாத ஒருவரின் கதாபாத்திரத்தின் பக்கத்தில் நிறுத்தி, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டால், அந்த மாணவிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். சட்டம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தாலும்கூட நான் அதை வரையமாட்டேன்.

உங்கள் வாடிக்கையாளர் சொன்ன பதிலிலேயே விடை இருக்கிறது. சம்மதம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. தெரிய வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறார். நட்பு முறிந்த பிறகு, கதைக்குள்ளாவது அந்த உறவைத் தமக்குப் பிடித்த விதத்தில் முடித்துவைக்க விரும்புகிறார் போலிருக்கிறது. அவர் மனவருத்தம் உண்மையாகவே இருக்கலாம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் முடிந்த படம் ஒருநாள் பொதுவில் வரும், அல்லது அந்தத் தோழருக்கே அனுப்பப்படும். அப்போது அது ஒருவரைத் தொந்தரவு செய்யும் கருவியாகிவிடும், அதன் கீழே இருப்பது உங்கள் கையெழுத்தாக இருக்கும். காதல், திருமணம், காயம், மரணம், ஆடையற்ற தோற்றம் ஆகிய காட்சிகளுக்கு, பாத்திரத்தை வரையலாம் என்ற பொதுவான அனுமதி போதாது. அந்தக் குறிப்பிட்ட காட்சியைச் சொல்லிக் கேட்டுப் பெற்ற சம்மதம் வேண்டும். சிறுவர் வயதுக் கதாபாத்திரத்தைத் தகாத முறையில் வரையச் சொன்னால், உரிமையாளரே சம்மதித்தாலும் மறுத்துவிடுங்கள்.

சம்மதத்தைப் பெறும் பொறுப்பு வாடிக்கையாளருடையது. ஆனால் அவர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட்டைத் திருத்துவது இன்று சிறுபிள்ளைக்கும் தெரியும். உரிமையாளரின் பக்கத்தைக் கேட்டு வாங்கி, நீங்களே இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். கதாபாத்திரங்களைப் பதிந்துவைக்கும் டாய்ஹவுஸ் போன்ற தளங்களில் ஒரு கதாபாத்திரம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற பதிவும் இருக்கும். அதைப் பார்த்தால், 'இது என்னுடையதுதான்' என்று சொல்பவர் உண்மை சொல்கிறாரா என்று ஓரளவு தெரிந்துவிடும். விலைக்கு வாங்கிய கதாபாத்திரம் என்றால், முதலில் வடிவமைத்தவர் என்ன நிபந்தனையோடு விற்றார் என்பதையும் கேட்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று விற்றிருந்தால், வாங்கியவர் கேட்டாலும் அந்தப் பாத்திரத்தை விற்பனைப் பொருளில் போட்டுக் கொடுக்க முடியாது. இருவர் சேர்ந்து உருவாக்கிய கதாபாத்திரத்துக்கு இருவர் சம்மதமும் தேவை. கேட்டும் பதில் வராவிட்டால், இல்லை என்றே கொள்ளுங்கள்.

நண்பருக்கு இன்ப அதிர்ச்சி தர வேண்டும், முன்கூட்டிக் கேட்டால் கெட்டுவிடுமே என்று சிலர் நல்ல மனத்தோடு சொல்வார்கள். தம் கதாபாத்திரத்தைப் பரிசாக வரைந்து தரலாமா, கூடாதா என்பதைப் பலர் தங்கள் சுயவிவரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வரவேற்பதாக எழுதியிருந்தால், அந்தப் பாத்திரம் சும்மா நிற்பதாகவோ சிரிப்பதாகவோ வரைவதில் தவறில்லை. எதுவும் எழுதப்படவில்லை என்றால், படத்துக்குப் பதிலாக ஒரு கமிஷனையே பரிசாக வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். எதை வரைய வேண்டும் என்று நண்பரே தேர்ந்தெடுத்துக்கொள்வார். உங்களுக்கும் வருமானம் போகாது.

இனி அம்மா சொன்னதற்கு வருகிறேன். ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவழித்துக் குடும்பம் நடத்தியவர்கள் அப்படிச் சொல்வதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று இருக்க நம் மலேசியச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், உரிமை மீறிய நகலை விற்பனைக்காக உருவாக்குபவரையே குற்றவாளியாகக் கொள்கிறது. ஒவ்வொரு நகலுக்கும் 2,000 வெள்ளிக்குக் குறையாமல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது அதன் 41ஆவது பிரிவு. நல்லெண்ணத்தோடு செயல்பட்டதாகவும், உரிமை மீறப்படக்கூடும் என்று கருத நியாயமான காரணம் தமக்கு இல்லை என்றும் நிரூபிக்க முடிந்தவருக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. 'இது வேறொருவருடையது, அவருக்குத் தெரியாது' என்று வாடிக்கையாளர் உங்களிடம் எழுத்தில் சொல்லிவிட்ட பிறகு, அந்த விலக்கை நீங்கள் எப்படிக் கோருவீர்கள்? 'எல்லா அனுமதியும் என்னிடம் இருக்கிறது' என்று வாடிக்கையாளரிடம் உறுதிமொழி வாங்குவது நல்லதுதான், வாங்குங்கள். ஆனால் அது பொய் என்று உங்களுக்கே தெரியும்போது அந்தத் தாளால் பயன் இல்லை.

இதே சட்டத்தின் 26ஆவது பிரிவில், ஓவியர்களில் பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. சம்பள வேலையாக அல்லாமல், ஒருவர் கேட்டு இன்னொருவர் உருவாக்கித் தரும் படைப்பின் பதிப்புரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், கேட்டவருக்கு மாறிவிட்டதாகவே கருதப்படும். பிற நாட்டு ஓவியர்கள் 'கமிஷன் படத்தின் உரிமை எப்போதும் ஓவியருக்கே' என்று எழுதுவதைப் படித்துவிட்டு நாமும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த மணக்கோலப் படத்தை நீங்கள் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் வரைந்து கொடுத்திருந்தால், படத்தின் உரிமை தமக்கே என்று அவர் கோரியிருக்க முடியும். அதற்குள் இருக்கும் தோழரின் கதாபாத்திரம் அவருக்கு உரிமையாகாது என்றாலும், அந்தப் படத்தை அவர் எங்கே போடுகிறார், என்ன செய்கிறார் என்பதில் நீங்கள் தலையிட ஒரு பிடியும் இருந்திருக்காது. ஆகவே யாருக்கு வரைந்தாலும், படத்தின் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும், அவர் தனிப்பட்ட முறையில் வைத்துக்கொள்ளலாம், அச்சடித்து விற்கக்கூடாது என்று முன்பணம் வாங்குவதற்கு முன்பே எழுதி, அவர் ஒப்புக்கொண்ட பதிலைச் சேமித்துவையுங்கள்.

சட்டைக்காரருக்கு ஒரே பதில்தான்: கூடாது. ஜப்பானில் இருப்பவர்களுக்கு இங்கே என்ன தெரியப்போகிறது என்று அவர் சொல்லக்கூடும். மலேசியா 1990 முதல் பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஜப்பானியப் படைப்புக்கும் இங்கே அதே பாதுகாப்பு உண்டு. 50 சட்டைக்கு, ஒவ்வொன்றுக்கும் அபராதம் என்று கணக்கிட்டால், கீழ்வரம்பிலேயே ஒரு லட்சம் வெள்ளி. கருத்து எவருக்கும் சொந்தமில்லை என்பதால், வாளேந்திய இளைஞன் ஒருவனை உங்கள் சொந்த முகத்தோடும் உடையோடும் தாராளமாக வரையலாம். சுங்கை சிப்புட்டில் சட்டை வாங்குகிறவர்களுக்குப் பால் வாளியும் நெற்றி விளக்குமாக விடியலில் மரம் வெட்டப் போகும் ஒரு நாயகியை வரைந்து கொடுங்கள். அது உங்களுடையதாகவே இருக்கும், வேறு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உரிமையாளர்கள் எல்லோரும் கதவை மூடிவைத்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். ஹட்சுனே மிகு என்ற பாடகிக் கதாபாத்திரத்தின் உரிமையாளரான கிரிப்டன் நிறுவனம், வணிக நோக்கமில்லாமல் அவளை வரைவதற்கு வெளிப்படையாகவே அனுமதி தந்திருக்கிறது. ரசிகர் படைப்புகளுக்கான விதிகளை வெளியிடும் கணினி விளையாட்டு நிறுவனங்களும் உள்ளன. சில நிறுவனங்கள் சிறிய அளவு விற்பனையையும் அனுமதிக்கின்றன. வேண்டுகோள் வரும்போதெல்லாம் அந்தந்த உரிமையாளரின் விதியைத் தேடிப் படியுங்கள். 'எல்லோரும்தான் வரைகிறார்கள்' என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அத்தையின் பேனர் இதைவிட எளிது. வீட்டுக்குள் தொங்கும் ஒரு பேனருக்காக யாரும் வழக்காட வருவது அரிது என்றாலும், உபின் இபினின் உரிமையாளர் ஷா ஆலாமில் இருக்கும் நம் நாட்டு நிறுவனம். நம் ஓவியர்கள் பலர் உழைத்துச் செய்தது. அதை வரைந்து காசு வாங்க வேண்டாம். பேரனையே நாயகனாக்கி, அவனுடைய சைக்கிளோடும் வீட்டு வாசலில் படுத்திருக்கும் பூனையோடும் வரைந்து கொடுங்கள். அத்தைக்கு அதுதான் அதிகம் பிடிக்கும் என்பது என் எண்ணம்.

இனிமேல் வரக்கூடிய ஒரு வேண்டுகோளையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: வந்தியத்தேவனை வரைந்து தாருங்கள். கல்கி 1954இல் காலமானார். எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு வரை என்ற நம் சட்டத்தின்படி அவருடைய எழுத்துக்கான காலம் 2004 இறுதியில் முடிந்துவிட்டது. அவருடைய வருணனையைப் படித்து நீங்கள் கற்பனை செய்யும் வந்தியத்தேவனுக்குத் தடை இல்லை. 2022இல் வந்த திரைப்படத்தின் உடையையும் நடிகரின் முகத்தையும் பார்த்து வரைவது வேறு விஷயம். தோட்டத்துக் கோயில் முனீஸ்வரரும் மாரியம்மனும் எவருக்கும் உடைமை அல்லர். ஆனால் காலண்டரில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட படத்தை அப்படியே பார்த்து வரைந்தால், அந்தப் படத்தின் ஓவியருக்கு அதில் உரிமை இருக்கக்கூடும்.

மணக்கோலம் கேட்டவருக்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டால் மறுப்பது கடினமாகிவிடும். அவரைக் குற்றம் சாட்ட வேண்டாம். இப்படி எழுதலாம்: "வணக்கம். இந்தப் படத்தில் உள்ள இரண்டாவது கதாபாத்திரத்தின் உரிமையாளருடைய சம்மதம் இல்லாமல் என்னால் வரைய முடியாது. அவரே எனக்கு நேரடியாக எழுதி, இந்தக் காட்சிக்குச் சம்மதம் தந்தால் தொடங்குகிறேன். இல்லையென்றால், உங்கள் கதாபாத்திரத்தை மட்டும் தனியாக, இதே விலைக்கு வரைந்து தருகிறேன். இரண்டும் வேண்டாம் என்றால் உங்கள் 60 வெள்ளி முழுவதையும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறேன்." முன்பணம் திருப்பித் தரப்படாது என்று உங்கள் விதியில் இருந்தாலும், இங்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நீங்கள் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, உரையாடலும் அத்தோடு முடியும். அவர் கோபமாக எழுதினால் பதில் தர வேண்டாம். ஒருவேளை அந்த ஸ்கெட்ச்சை ஏற்கெனவே போட்டுவைத்திருந்தால், அதை அவருக்கு அனுப்பாதீர்கள், எங்கும் வெளியிடாதீர்கள்.