செரியம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கே: செரியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தவர் யார்? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

ப: இரு தரப்புக்கும் பங்கு உண்டு. 1803இல் சுவீடனில் பெர்சிலியஸும் ஹிசிங்கரும், ஜெர்மனியில் கிளாப்ரோத்தும், பாஸ்ட்னாஸ் சுரங்கத்துக் கனிமத்தைத் தனித்தனியே ஆராய்ந்து இதைக் கண்டார்கள். 1801இல் கண்டறியப்பட்ட சீரீஸ் குறுங்கோளின் பெயர்தான் இதற்கும். அப்போது கிடைத்தது ஆக்சைடு. உலோகமாகப் பிரித்தது 1875இல், ஹில்லெபிராண்டும் நார்ட்டனும்.

கே: செரியத்தை அரிய மண் உலோகம் என்கிறார்களே, தங்கம் போல அபூர்வமா?

ப: இல்லை. பூமியின் மேலோட்டில் செரியம் ஏறக்குறைய செம்பு அளவுக்கு இருக்கிறது.

கே: வைப்பர் உரசிக் கார் முன்கண்ணாடியில் கோடு விழுந்துவிட்டது. செரியம் ஆக்சைடு போட்டால் போகுமா சார்?

ப: முதலில் கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் விட்டுவிடுங்கள். அந்த ஆழத்துக்குத் தேய்த்தால் கண்ணாடி குழிந்து, எதிரே வரும் வண்டி நெளிந்து தெரியும். ஓட்டுநர் பார்வைக்கு நேரே என்றால் முயலவே வேண்டாம்.

மாட்டவில்லையா? பெயின்ட், ரப்பர் ஓரங்களை டேப் ஒட்டி மறையுங்கள். பொடியைத் தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் கரையுங்கள். வேகம் குறைக்கக்கூடிய பாலிஷ் மெஷினில் ஃபெல்ட் பேடு மாட்டி, நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேலேயே நிற்காமல் சுற்றிலும் அகலமாகத் தேய்க்க வேண்டும். அடிக்கடி தண்ணீர் தெளியுங்கள். உலர விடாதீர்கள். உலர்ந்தால் ஒரே இடத்தில் சூடேறிக் கண்ணாடி விரிசல் விடும். கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் நிறுத்துங்கள்.

இது வெறும் உரசல் அல்ல. ஈரத்தில் இளகிய கண்ணாடி மேற்பரப்போடு செரியம் ஆக்சைடு வேதியியல் முறையில் பிணைந்து, அதை மெல்லிய அடுக்காக எடுத்துவிடுகிறது. தண்ணீர் தீர்ந்தால் அந்த வேலையும் நின்றுவிடும்.

கே: ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது, அதற்கும் இதேதானா?

ப: அது பாலிகார்பனேட், கண்ணாடி அல்ல. வேறு பாலிஷ் வேண்டும்.

கே: மொபைல் ஸ்கிரீன் கீறல்?

ப: வேண்டாம். விரல் ரேகை ஒட்டாத பூச்சு போய்விடும்.

கே: அடுப்பு லைட்டரில் செரியக் கல் தீர்ந்தால் புதுக் கல் எங்கே கிடைக்கும்?

ப: அழுத்தினால் டிக் என்று பொறி வருகிற லைட்டரில் கல்லே கிடையாது, அழுத்தினால் மின்சாரம் தரும் பீசோ படிகம்தான். சக்கரம் சுழற்றும் சிகரெட் லைட்டரில்தான் கல் உண்டு. அது செரியமும் இரும்பும் கலந்தது. சக்கரம் சுரண்டும் துகள் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும்.

கே: பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில், அதாவது சுடரில் ஒளிரும் வலையில், 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு. அப்படியானால் வெளிச்சம் தருவது தோரியம்தானே? செரியத்துக்கு ஏன் பெருமை?

ப: தோரியம் ஆக்சைடை மட்டும் சூடாக்கினால் மங்கலாகத்தான் ஒளிரும். அந்த ஒரு சதவீத செரியம் ஆக்சைடு சேர்ந்தால்தான் பளிச்சென்ற வெள்ளொளி.

கே: அப்படியானால் செரியத்தைக் கூட்டினால் இன்னும் பிரகாசிக்குமே?

ப: பிரகாசிக்காது, மங்கும். செரியம் கூடினால் மேண்டில் அதிக வெப்பத்தை வெளியே கதிர்வீசிவிடும். அதன் சூடு இறங்கும். தோரியம் அப்படி வீசாததால் சுடரின் சூடு அதில் தங்குகிறது. அந்தச் சூட்டில் செரியம் ஒளிர்கிறது. கூட்டாளிகள் இருவரில் ஒருவரை நீக்கிப் பார்த்தால் கணக்கு வராது. ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891இல் பிடித்த விகிதம் அது.

மேண்டிலுக்குத் தோரியம் எடுத்தது மோனசைட் என்ற கனிமம் கலந்த மணலிலிருந்து. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க் அந்தக் கனிமத்தைக் கண்டார். அப்போது திருவிதாங்கூரில் இருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணல் பேர்பெற்றது அப்படித்தான். தோரியம் எடுத்தபின் மிச்சமான செரியக் கலவையை என்ன செய்வது? அதே வெல்ஸ்பாக் 1903இல் இரும்போடு சேர்த்தார். லைட்டர் கல் பிறந்தது அங்கே.

கே: அப்படியானால் செரியம் கதிரியக்கமுள்ளதா?

ப: மேண்டிலில் கதிரியக்கம் தோரியத்துடையது. தோரியம் மேண்டிலின் முதல் எரிப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த சாம்பலை ஊதாதீர்கள், ஈரத் துணியால் ஒற்றியெடுங்கள். தோரியத்துக்குப் பதில் இட்ரியம் சேர்த்த மேண்டில்களில் அந்தப் பிரச்சினை இல்லை.

கே: காந்தத்தில்...

ப: அது நியோடிமியம். வேறு நாளில்.

கே: கார் கண்ணாடிக் கோட்டுக்கு செரியம் போடலாமா?

ப: மேலே இருக்கிறது. நகம், தண்ணீர், உலர விடாதே.

கே: செரியத் துருவல் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாமா?

ப: கூடவே கூடாது. ஹைட்ரஜன் கிளம்பித் தீ பெருகும். காய்ந்த மணலைக் கொட்டி மூடுங்கள்.