தம்பி தேர்தலில் நிற்கிறான், கோயில் கணக்கு என் கையில் இருக்கிறது

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மாரியம்மன் கோயில் கமிட்டியில் பொருளாளர். என் தம்பி 2029-இல் குவாசுலு-நட்டால் மாகாணச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்க முடிவு செய்திருக்கிறான். அந்த வருடம் ஆடிக் கூழுக்கான செலவு முழுவதையும் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறான். பந்தல் வாசலில் தன் படம் போட்ட பேனர் வைக்க வேண்டுமாம். கமிட்டித் தலைவர் மைக்கில் அவனுக்கு ஆதரவு கேட்கத் தயாராக இருக்கிறார். கோயில் உறுப்பினர்களின் போன் நம்பர் பட்டியலையும் என்னிடம் கேட்கிறார்கள். இதற்கிடையே, ‘கோயில் பணத்தில் இருபதாயிரம் ரேண்டு எடுத்தவன்’ என்று அவனைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி இப்போதே சுற்றுகிறது. அவன் கோயில் பணத்தைத் தொட்டதே இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் தம்பி தாராளமாக நிற்கலாம். கட்சிப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் மாகாணச் சட்டமன்றத்துக்குப் போக முடியும் என்ற நிலையை அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 ஜூன் 11 அன்று செல்லாது என்றது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2024 மே 29 தேர்தலில்தான் சுயேச்சைகள் முதல்முறையாக மாகாணத்துக்கு நின்றார்கள். அப்போது கட்சி சாராத ஒருவர் நிற்க 1,000 வாக்காளர்களின் கையெழுத்து தேவைப்பட்டது. வைப்புத்தொகை தனி. 2029-க்குள் இந்த எண்ணிக்கையை நாடாளுமன்றம் மாற்றக்கூடும், ஆகவே தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி கூழ் விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான்.

மாகாணச் சட்டமன்றத்தின் காலம் ஐந்து வருடம். அது முடிந்து 90 நாட்களுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். 2024 மே மாதக் கடைசியில் தேர்ந்தெடுத்தோம். அப்படியானால் அடுத்த தேர்தல் 2029 ஜூன், ஜூலை, ஆகஸ்டில் விழ நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆடி மாதமோ ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஆக நீங்கள் கூழ் ஊற்றும் நேரம் பிரசாரம் சூடு பிடித்திருக்கும் நேரமாக இருக்கலாம். தேர்தல் தேதி முறைப்படி அறிவிக்கப்பட்டதும் தேர்தல் சட்டத்தின் நன்னடத்தை விதிகள் வேட்பாளரைக் கட்டிவிடும். அவற்றில் ஒன்பதாவது விதி, வாக்களிக்கவோ வாக்களிக்காமல் இருக்கவோ யாருக்கும் எந்த ஆசையும் காட்டக் கூடாது என்கிறது. பலர் கவனிக்காத இன்னொரு வரியும் அதில் உண்டு: பொதுக்கூட்டத்துக்கு வருவதற்காகவும் எதுவும் கொடுக்கக் கூடாது.

அம்மனுக்குப் படைத்த கூழை வந்தவருக்கெல்லாம் ஊற்றுவது லஞ்சம் ஆகாது. நம் பாட்டன்மார் கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் தொடங்கிய வழக்கம் அது. பக்தராகத் தம்பி காசு கொடுப்பதிலும் தவறில்லை. ஆனால் அதே பந்தலில் அவன் படம் தொங்கி, தலைவர் மைக் பிடித்து “இவருக்கு வாக்களியுங்கள்” என்று சொன்ன நிமிடத்திலிருந்து அது தேர்தல் கூட்டம் ஆகிவிடுகிறது. கையில் கூழ்க் கிண்ணத்தோடு நிற்பவர்கள் வேட்பாளர் செலவில் சாப்பிட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். எதிர்த்து நிற்பவர் போனில் ஒரு படம் எடுத்தால் போதும், புகார் தயார்.

அந்தப் புகார் தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனால் எச்சரிக்கையோடு முடியலாம். 2,00,000 ரேண்டு வரை அபராதமும் விதிக்கலாம், வைப்புத்தொகையைப் பறிக்கலாம், வேட்பாளரையே தகுதிநீக்கம் செய்யலாம். இவ்வளவு ஆபத்தை ஒரு பேனருக்காக ஏன் வாங்க வேண்டும்?

தம்பி மற்ற உபயதாரர்களைப் போலவே கொடுக்கட்டும். முழுச் செலவையும் அவன் ஒருவனே ஏற்க வேண்டாம், வழக்கமாகக் கொடுக்கும் அளவுக்குள் நிற்கட்டும். அவன் கொடுப்பதற்கு ரசீதை நீங்கள் போடாதீர்கள், வேறொரு கமிட்டி உறுப்பினர் போடட்டும். அக்கா வாங்கி அக்காவே கணக்கு எழுதினாள் என்ற பேச்சு வரக் கூடாது. அவன் சம்பந்தப்பட்ட எதிலும் நீங்கள் முடிவெடுக்க மாட்டீர்கள் என்று கமிட்டிக் கூட்டத்தில் சொல்லி, நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள்.

தலைவர் மைக்கில் பேசுவது பற்றி. அதிகாரத்தையும் செல்வாக்கையும் தவறாகப் பயன்படுத்தி வாக்கைத் திருப்பக் கூடாது என்றும் அதே ஒன்பதாவது விதியில் இருக்கிறது. சந்நிதிக்கு முன்னால் நின்று கோயில் தலைவர் சொல்வதை ஒரு மூதாட்டி அம்மனின் வார்த்தையாகவே எடுத்துக்கொள்வார். இந்த இடத்தில் சட்டத்தைத் தாண்டி ஒன்று சொல்கிறேன். 1896-இல் அன்றைய நட்டால் காலனியின் சட்டம் இந்தியர்களான நம்மவர்களின் வாக்குரிமையைப் பறித்தது. என் பாட்டி முதல்முறை வாக்குப் போட்டது 1994-இல்தான். அந்த வாக்கு யாருக்கு என்பதை அவர் தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. அந்த உரிமையில் கோயில் மைக் கை வைப்பதை நான் மனதார எதிர்க்கிறேன்.

கோயிலுக்கு வரி விஷயத்திலும் ஆபத்து உண்டு. உங்கள் கோயில் பொதுநல அமைப்பாக வரித் துறையான சார்ஸில் வரிவிலக்கு பெற்றிருந்தால், அதன் வளங்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்த அரசியல் கட்சியையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. ‘கட்சி’ என்றுதானே எழுதியிருக்கிறது, தம்பி சுயேச்சை ஆயிற்றே என்று யாராவது கேட்பார்கள். எதிர்த்து நிற்பவர்கள் கட்சிக்காரர்கள், அவர்களைத் தோற்கடிக்கக் கோயில் பந்தல் உதவியது என்று மறுபக்கம் சொல்லும். இந்த வாதத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று பார்ப்பதற்காகக் கோயிலின் வரிவிலக்கைப் பணயம் வைக்காதீர்கள்.

போன் பட்டியல்: கொடுக்காதீர்கள். திருவிழாத் தேதி சொல்லவும் சந்தா நினைவூட்டவும் கொடுத்த நம்பர்கள் அவை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் போப்பியா என்று சொல்வது, ஒரு காரியத்துக்காக வாங்கிய தகவலைச் சம்பந்தமில்லாத வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்கிறது. மதநம்பிக்கையைக் காட்டும் தகவலுக்கு இன்னும் கூடுதல் பாதுகாப்பு. கோயில் பட்டியல் என்பதே அப்படிப்பட்டதுதான். அப்புறம், அந்த 1,000 கையெழுத்தை நினைத்து யாராவது உறுப்பினர் படிவங்களிலிருந்து பெயரையும் அடையாள எண்ணையும் எடுத்து நிரப்பலாம் என்று சொன்னால், அந்த ஆளைத் தம்பியின் பக்கத்திலேயே விடாதீர்கள். அது போலி ஆவணம், குற்றம். வீடு வீடாகப் போய் வாங்கிய கையெழுத்து மட்டும்தான் நிற்கும்.

வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். கருத்து, உண்மை விவரம் இரண்டையும் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. 2014-இல் அப்போதைய எதிர்க்கட்சியான டி.ஏ. கௌடெங் மாகாண வாக்காளர்களுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியது. தன் வீட்டுக்காக அன்றைய அதிபர் ஜூமா உங்கள் பணத்தை எப்படித் திருடினார் என்பதை நிகாண்ட்லா அறிக்கை, அதாவது அவருடைய நிகாண்ட்லா வீட்டுக்கு அரசுப் பணம் செலவானது பற்றிய விசாரணை அறிக்கை, காட்டுகிறது என்பது அதன் சாரம். அன்று ஜூமாவின் கட்சியாக இருந்த ஏ.என்.சி. வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றத்தில் தோற்றது, தேர்தல் நீதிமன்றத்தில் ஜெயித்தது, அரசியலமைப்பு நீதிமன்றத்தில் மறுபடி தோற்றது. அந்த அறிக்கையைப் பற்றிய கருத்தாகவே அந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று அங்கே சில நீதிபதிகள் எழுதினார்கள்.

உங்கள் விஷயம் வேறு. ‘அவனை நம்பாதே’ என்று எழுதியிருந்தால் விட்டுவிடச் சொல்வேன். ‘இருபதாயிரம் ரேண்டு எடுத்தான்’ என்பது சரியா தவறா என்று கணக்கைப் பார்த்தே சொல்லக்கூடிய குற்றச்சாட்டு. பொய் என்றால் அது அவதூறு. அதற்குத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதில்லை, சாதாரண அவதூறுச் சட்டமே போதும். தேர்தல் அறிவித்த பிறகும் ஒரு வேட்பாளரோ கட்சியோ அதைப் பரப்பினால் ஒன்பதாவது விதியின் கீழ் ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: அந்த எஸ்.எம்.எஸ். வழக்கில் தேர்தல் 2014 மே 7, கடைசித் தீர்ப்பு 2015 ஜனவரி 19. நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருந்தால் வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் பெயர் சுத்தமாகும். அதனால் இப்போதே செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நம்பர், தேதி, குழுவின் பெயர் மூன்றும் அதில் தெரிய வேண்டும். கடந்த வருடங்களின் தணிக்கை செய்த கணக்கை அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் வாசிக்கச் செய்யுங்கள். வாசிப்பது நீங்களாக இருக்க வேண்டாம், தணிக்கை செய்தவரே வாசிக்கட்டும். பிறகு செய்தியைத் தொடங்கியவர் யார் என்று தெரிந்தால், திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஒரு வக்கீல் கடிதம் அனுப்பலாம். அதை எழுதும்போது கணக்குப் பிரதியையும் ஸ்கிரீன்ஷாட்டையும் வக்கீலிடம் கொண்டுபோங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவதூறு அவன் பெயருக்கு என்பதால் கடிதம் அவன் சார்பில்தான் போக வேண்டும்.