ஊதிப் பார்த்தீர்களா? நெஞ்சு, புகை, இருமல்: ஒரு ஞாயிறு பின்னேரக் கேள்வி பதில்

வன்னியில் நெஞ்சுநோய்க் கிளினிக்குகளில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை இருப்பேன். மருந்தின் அளவை இங்கே கேட்க வேண்டாம். உங்களைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். "எக்ஸ்ரே கிளியர், ஆனால் மூச்சு முட்டுது" என்று தொடங்கும் எல்லாக் கேள்விக்கும் என் முதல் பதில் ஒன்றுதான்: ஊதிப் பார்த்தீர்களா? மெசினில் பலமாக ஊதி, மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைத்தான் சொல்கிறேன்.

பரந்தன், 38 வயது: ஒரு நாளைக்கு 20 சிகரெட் பத்தினேன் டொக்டர். இப்போது இரண்டுதான். ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு போயிருக்கும்தானே?

இல்லை. எல்லாரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. நாளுக்கு 20 பத்துகிறவருக்கு இருதய நோய் எவ்வளவு கூடுதலாக வருகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி ஒன்றே ஒன்று பத்துகிறவருக்கும் வருகிறது. இரத்தம் உறையும் தன்மையும் குழாயின் உள்சுவரும் கொஞ்சப் புகைக்கே குழம்பிவிடும். அதன்மேல் எவ்வளவு கூட்டினாலும் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. நுரையீரல் புற்றுநோய்க்கு எண்ணிக்கை முக்கியம்தான், ஆனால் எத்தனை வருடம் பத்தினீர்கள் என்பது அதைவிட முக்கியம். போதாக்குறைக்கு, குறைத்தவர்கள் மிச்சமிருக்கும் ஒன்றை ஆழமாக இழுப்பார்கள்.

இருபதை இரண்டாக்கியது பெரிய காரியம். அது படிக்கட்டு என்றால் சந்தோசம், அதிலேயே பாய் விரித்துப் படுத்துவிடாதீர்கள். நாள் ஒன்று குறித்து அந்த இரண்டையும் விடுங்கள். முதல் மூன்று நாள் மோசமாக இருக்கும், பிறகு இரண்டு மூன்று கிழமையில் தணியும். ஆசை எழும்பினால் சில நிமிடம்தான் நிற்கும். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரெட் வேண்டும் என்கிற ஆள் என்றால் தனியே மல்லுக்கட்டாமல் கிளினிக்கில் உதவி கேளுங்கள்.

டொரொண்டோவிலிருந்து: அப்பா மல்லாவியில் இருக்கிறார், 61 வயது. நாற்பது வருடச் சுருட்டு. "இனி விட்டு என்ன" என்கிறார். எக்ஸ்ரே கிளியர்.

ஊதிப் பார்த்தாரா?

"இனி விட்டு என்ன" என்பதற்குப் பதில் இங்கிலாந்தில் இருக்கிறது. 1951இல் ரிச்சர்ட் டொலும் பிராட்போர்ட் ஹில்லும் அங்குள்ள டொக்டர்மாருக்குக் கடிதம் எழுதிப் புகைப்பழக்கத்தைக் கேட்டார்கள். 34,000க்கு மேற்பட்ட ஆண் டொக்டர்மாரை ஐம்பது வருடம் தொடர்ந்தது அந்த ஆய்வு. 2004இல் வந்த முடிவு: சிகரெட்டைக் கடைசிவரை விடாதவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முந்திப் போனார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் மூன்று வருடத்தை மீட்டார்கள், 50இல் ஆறு, 40இல் ஒன்பது, 30இல் ஏறக்குறைய முழுவதும். டொல்லும் முதலில் புகைத்தவர்தான். தன் ஆரம்ப ஆய்வில் கணக்குப் போகும் திசையைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

அது சிகரெட் கணக்கு. அப்பா சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை என்று சொல்வார். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, இழுக்காமலே வாய்த் தோலால் நிக்கோட்டின் ஏறிவிடும். அதனால் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளைத் தழும்போ ஆறாத புண்ணோ மூன்று கிழமைக்கு மேல் இருந்தால் காட்ட வேண்டும்.

விசுவமடு: லைட் சிகரெட் பரவாயில்லையா?

இல்லை. வடிகட்டியில் ஓட்டை போட்டு, புகையை அளக்கும் மெசினை ஏமாற்றியது அது. உங்கள் விரலும் உதடும் அந்த ஓட்டையை மூடிவிடும்.

ஒட்டுசுட்டான், பெண், 52 வயது: நான் சுருட்டைத் தொட்டதே இல்லை. இரண்டு வருடமாகக் காலையில் இருமல், கிணற்றடிக்குப் போய் வர மூச்சு வாங்குது. கிளினிக்கில் "பத்துவீங்களோ" என்று கேட்டார்கள், வெட்கமாய்ப் போய்விட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம்.

அம்மா, அந்தக் கேள்வியில் வெட்கப்பட உங்களுக்கு ஒன்றுமில்லை. அடுத்ததாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கிறேன்: எத்தனை வயதில் குசினிக்குள் போனீர்கள்? பன்னிரண்டு என்றால் நாற்பது வருடம். நாளுக்கு மூன்று மணித்தியாலம் மூன்று கல் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து, மாரியில் நனைந்த விறகை ஊதுகுழலால் ஊதி ஊதி. ஊதுவதற்கு முன் ஆழமாக மூச்சு எடுப்பது எங்கேயிருந்து? அந்தப் புகைக்குள்ளிருந்துதான்.

சிகரெட்டிலும் விறகிலும் எரிவது செடிதான். நுண்துகள், காபன் மொனொக்சைட் எல்லாம் இரண்டிலும் உண்டு. விறகில் நிக்கோட்டின் மட்டும் இல்லை, அதனால்தான் யாரும் அடுப்புக்கு அடிமையாவதில்லை. வீட்டுக்குள் எரிக்கும் புகையால் 2020இல் உலகம் முழுதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

எக்ஸ்ரே ஏன் கிளியர்? சிகரெட்காரரின் நுரையீரலில் காற்றறைகள் உடைந்து வீங்குவது அதிகம், அது முற்றினால் படத்தில் ஓரளவு தெரியும். விறகுப் புகையில் அது குறைவு. சின்னக் காற்றுக்குழாய்களின் சுவர் தடித்து இறுகுவதுதான் அதிகம். அது படத்தில் எங்கே விழப்போகிறது? ஊதினால் தெரியும். மருந்து இழுத்த பிறகும், நீங்கள் ஊதும் மொத்தக் காற்றில் 70 வீதத்துக்குக் குறைவாகத்தான் முதல் வினாடியில் வெளியே வருகிறது என்றால் குழாய் அடைபட்டிருக்கிறது. இதுதான் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆங்கிலத்தில் சி.ஓ.பி.டி. என்பார்கள். முட்டு வருத்தம் (ஆஸ்மா) என்று எழுதி அனுப்பிவிடுவதும் உண்டு, அது வேறு இது வேறு. அதற்கு முன் சளிச் சோதனையும் செய்யுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் காசநோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் மற்றது.

குசினிக்கு: சீனாவின் யுனான் மாகாணத்தில் சுவான்வெய் என்று ஓர் இடம். புகைநிலக்கரியை வீட்டுக்குள் எரித்தார்கள். பெண்கள் சிகரெட் பத்துவதே இல்லை எனலாம், ஆனாலும் நுரையீரல் புற்றுநோய் மலிந்திருந்தது. புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய வீடுகளில் காலப்போக்கில் புற்றுநோயும் அடைப்பு நோயும் குறைந்தன. எரிபொருள் அதேதான், புகை போகும் வழிதான் மாறியது. விறகை வெயிலில் காயவைத்து அடுக்குங்கள், பாலையோ வேம்போ பச்சையாக எரிக்க வேண்டாம். கொட்டிலின் இரண்டு பக்கத் தட்டியையும் கூரைக்குக் கீழே ஒரு முழம் இறக்குங்கள்.

மாங்குளம்: பார்த்தீங்களோ! விறகுப் புகைதான் காரணம் என்று டொக்டரே சொல்லிட்டார். பிறகேன் எங்களைப் பிடிச்சுத் திட்டுறீங்கள்? என்ர அப்பப்பா 91 வயது வரை சுருட்டோட வயல் உழுதவர்.

தம்பி, இரண்டும் காரணம் என்றேன். அப்பப்பா 91 வரை இருந்தார், சந்தோசம். அவரோடு சேர்ந்து சுருட்டுப் பிடித்து 60இல் போனவர்கள் அப்பப்பாவைப் போல உதாரணமாகப் பேசப்படுவதில்லை, வந்து பேச அவர்கள் உயிரோடு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏ9 வீதியைக் கடந்தவரும் சில பேர் இருக்கிறார்கள்.

நெடுங்கேணி, ஆசிரியை: ஒன்று சொல்லலாமா? அந்த அம்மா சமைக்காமல் இருக்க முடியாது. இவர் பத்தாமல் இருக்கலாம். இரண்டு புகையையும் ஒரு தட்டில் வைக்கிறீர்களே.

மாங்குளம்: காஸ் வாங்கக் காசு நீங்கள் தருவீங்களோ? 2022இல் சிலிண்டருக்கு வரிசையில நிண்டு, கடைசியில விறகுக்குத்தான் திரும்பினனாங்கள்.

நெடுங்கேணி, ஆசிரியை: காஸைப் பற்றி யார் கேட்டது? ஒரு நாளைச் சிகரெட்டுக் காசை எண்ணிப் பாருங்கள், மாதக் கடைசியில் சிலிண்டர் நிற்கும்.

இதற்குள் பதினேழு பேர் புகுந்து அரசியல் வரை போய்விட்டதால் நடுவில் வருகிறேன். காஸ் விலை பற்றித் தம்பி சொல்வது உண்மை, 2022க்குப் பிறகு திரும்ப அடுப்பு மூட்டிய வீடுகளை நானே பார்த்தேன். அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஆசிரியை சொன்னதில் இன்னொன்று சேர்க்க வேண்டும். 1981இல் ஜப்பானில் ஹிரயாமா என்பவர், தாம் புகைக்காத 91,540 மனைவிமாரை 14 வருடம் தொடர்ந்த கணக்கை வெளியிட்டார். கணவன் எவ்வளவு பத்தினானோ அதற்கேற்ப மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. குசினிக்குள் ஒரு புகை, திண்ணையில் ஒரு புகை, இரண்டுக்கும் நடுவில் ஒரே பெண். தம்பி, உங்கள் வீட்டில் அது யார்?

செட்டிகுளம்: சனி, ஞாயிறு மட்டும் நாலு சிகரெட். அது பரவாயில்லையா?

பரந்தனுக்கு எழுதியதைப் பாருங்கள்.

பூநகரி: அம்மம்மா புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு வெத்திலைதான் போடுகிறார். பயமில்லையே?

பயம் உண்டு. பாக்கே புற்றுநோய் தருவது என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதலாம் வகுப்பில் போட்டுவிட்டது. வாய் முழுதாகத் திறக்கிறதா, மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். இலங்கை ஆண்களில் அதிகம் காணும் புற்றுநோய் வாய்ப் பக்கத்துப் புற்றுநோய்தான், பெண்களும் தப்பவில்லை.

துணுக்காய்: ஒரு நாளைக்கு ஒன்று மட்டும்...

பரந்தன்.

முறிகண்டி: பிள்ளைக்கு ஐந்து வயது, பம் அடித்தால் மருந்து வாய்க்குள்ளேயே நிற்கிறது. ஸ்பேசர் வாங்க வசதியில்லை.

நல்ல கேள்வி, இதற்கு நேரம் தருகிறேன். பம் என்பது மருந்தை மூச்சோடு இழுக்கும் இன்ஹேலர், ஸ்பேசர் என்பது அதற்கும் வாய்க்கும் நடுவில் மருந்தைத் தாங்கி நிற்கும் கூடு. 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்மின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போட்டு, சுற்றிப் பசை வைத்துக் காற்றுப் போகாமல் அடையுங்கள். பிள்ளை போத்தல் வாயில் உதட்டை மூடிச் சாதாரணமாக நாலைந்து மூச்சு எடுக்கட்டும். 1999இல் தென்னாபிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்தார்கள், கடை ஸ்பேசருக்கு நிகராக வேலை செய்தது. செய்ததைக் கிளினிக் தாதிக்கு ஒருமுறை காட்டுங்கள். பிரவுண் நிறப் பம் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

பெயர் வேண்டாம்: மருந்துக் கப்சூலை மூன்று மாதமாக விழுங்கி வந்தேன், குணமில்லை.

அது மெசினுக்குள் போட்டு உடைத்து இழுக்கும் தூள். நீங்கள் முதல் ஆளில்லை, எழுபதாவதாக இருக்கும். தருபவர்கள் செய்து காட்டவில்லை என்றால் பிழை அவர்களுடையது. நாளைக்கே போய்ச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கிளிநொச்சி, கடைக்காரர்: சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் 80 வீதம் போட்டும் விற்பனை குறையவில்லையே. சட்டம் எதற்கு?

நீங்கள் பெட்டியா விற்கிறீர்கள்? ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தால் வாங்குகிறவன் அந்தப் படத்தை எங்கே பார்ப்பது? படம் உங்கள் மேசைக்குத்தான் தெரிகிறது. 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்றும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது, ரியூசன் விட்டு வருகிற பெடியனிடம் வயது கேட்டீர்களா? சட்டத்தில் நன்றாக வேலை செய்வது விலைதான். விலை பத்து வீதம் ஏறினால் எங்களைப் போன்ற நாடுகளில் பாவனை ஏறக்குறைய ஐந்து வீதம் இறங்குகிறது.

ஒட்டுசுட்டான், பெண், 52 வயது: ஊதுகிற சோதனைக்கு எங்கே போவது டொக்டர்?

கிளினிக் கொப்பியோடு மாவட்ட மார்புநோய்க் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே மெசின் இல்லையென்றால் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். அன்று காலை பம் அடிக்கலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை வருடம் விறகடுப்பு என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் உங்கள் கையால் எழுதிக் கொண்டுபோங்கள்.

மாங்குளம்: டொக்டர், கோவிக்காதேங்கோ. மனுசிக்கும் காலமை இருமல்தான். அவவையும் கூட்டிக்கொண்டு போறன். எனக்கு, சாப்பிட்ட பிறகு ஒன்று மட்டும் என்றால்...

பரந்தன், தம்பி.