குப்பையை எரித்தால் பசுமை மின்சாரமா?

கேள்வி: வடசென்னை கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கத் திட்டமிடுகிறார்கள். குப்பை குறையும், கரண்டும் கிடைக்கும், அரசே இதைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்கிறது. அப்புறம் ஏன் எதிர்ப்பு?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அந்தப் பெயரே தப்பு. வெயிலும் காற்றும் தீர்ந்துபோவதில்லை. குப்பையில் நன்றாக எரிவது பிளாஸ்டிக், அது பெட்ரோலியத்திலிருந்து வந்தது. நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான காய்கறிக் கழிவும் சாப்பாட்டு மிச்சமும், அது லேசில் எரியாது, அதனால் உலையை ஓட்டக் காகிதமும் பிளாஸ்டிக்கும் வேண்டும், அதாவது மறுசுழற்சிக்குப் போக வேண்டியதும், அதைப் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்களின் வருமானமும் சேர்ந்தே எரிகிறது. குப்பை மறைவதும் இல்லை. ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அதிலும் புகையை வடிகட்டும்போது பிடிபடும் சாம்பலில் ஈயம் போன்ற கன உலோகங்களும் டையாக்சின் என்ற நச்சுப்பொருளும் இருக்கும், அதைக் கொட்டவும் ஓர் இடம் தேட வேண்டும். டெல்லி ஓக்லாவில் 2012 முதல் இப்படி ஒரு ஆலை ஓடுகிறது. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். ஏற்கெனவே அனல்மின் நிலையங்களையும் மணலி ஆலைகளையும் சுமக்கும் வடசென்னைக்கு இன்னொரு புகைபோக்கி எதற்கு? வீட்டிலேயே தரம் பிரித்து, ஈரக் கழிவை உரமாகவோ பயோகேஸாகவோ மாற்றினால் பாதிக் குப்பை அங்கேயே தீரும். மாநகராட்சி அதற்கு முதலில் பணம் ஒதுக்கட்டும்.